பூட்டு இலவசம், பராமரிப்பு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணைய மோசடிகள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் செய்திகளில், ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பை அழுத்தாதீர்கள் என்று பொதுமக்களுக்கே புத்தி சொல்லப்படுகிறது. அந்தப் புத்திமதி வேண்டியதுதான். ஆனால் எங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கடன் விபரத்தையும் வாங்கிக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் சங்கங்களும் தனியார் கல்வி நிலையங்களும் விடுதிகளும் அவற்றுக்கு எந்தப் பூட்டைப் போட்டிருக்கின்றன, அந்தப் பூட்டைக் கடைசியாக எப்போது யார் பார்த்தார்கள் என்று கேட்பாரில்லை. திருகோணமலையில் பதினைந்து வருடங்களாகக் கணினி திருத்தியும் சிறிய நிறுவனங்களின் மென்பொருள்களைப் பராமரித்தும் பிழைப்பவன் என்ற வகையில், அது பற்றி எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

கடந்த வருடம், நகரத்திலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு சேமிப்புக் கடன் சங்கத்தில், மின்சாரம் நின்று வந்த பிறகு கணினி எழும்பவில்லை என்று என்னை அழைத்தார்கள். பவர் சப்ளையை மாற்றியதும் இயந்திரம் எழும்பிவிட்டது. அரை மணி நேர வேலை. தரவுகள் பழுதாகவில்லை என்று உறுதிசெய்துகொள்வதற்காக உறுப்பினர் அட்டவணையைத் திறந்தபோது, அடையாள அட்டை இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத இலக்கங்கள் இருந்தன. மென்பொருளை எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்ட இளைஞர், விபரங்கள் யாவும் மறைகுறியாக்கம் (திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதவாறு மாற்றி எழுதுதல்) செய்யப்பட்டுள்ளன என்று கைநூலில் பெருமையுடன் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அட்டவணையின் ஏறக்குறைய எல்லா வரிகளும் ஆங்கில 'வை' எழுத்திலேயே முடிந்தன.

பழைய அடையாள அட்டை இலக்கம் பெரும்பாலும் ஆங்கில 'வி' எழுத்தில் முடிவது இந்த நாட்டில் யாவருக்கும் தெரியும். 'வி' மூன்று இடம் தள்ளினால் 'வை'. அவ்வளவுதான் அந்த மறைகுறியாக்கம். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடத்தைக் குறிப்பவை. 1962 இல் பிறந்தவரின் 62, அட்டவணையில் 95 ஆகியிருந்தது. என்னோடு வந்திருந்த என் மருமகன், க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பவன், சங்கத்தில் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து பேருடைய இலக்கங்களைச் சரியாக எழுதிக் காட்டினான். எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதும் இந்த வித்தை ரோமாபுரியின் யூலியஸ் சீசர் தம் கடிதங்களுக்குப் பயன்படுத்தியது. இரண்டாயிரம் வருடப் பழமை அதற்கு உண்டு.

கடவுச்சொற்களின் நிலைமையும் அப்படித்தான். அவை, கடவுச்சொல்லை வேறோர் எழுத்துத் தொடராக மாற்றி வைக்கும் எம்டி5 என்னும் பழைய முறையில், ஒவ்வொன்றோடும் வெவ்வேறு எழுத்துகளைச் சேர்த்து மாற்றும் உப்புக் கலத்தல் என்று எங்கள் தொழிலில் சொல்லப்படும் கூடுதல் சேர்க்கைகூட இல்லாமல், சேமிக்கப்பட்டிருந்தன. 2004 இலேயே சீன ஆய்வாளர் சியாவ்யுன் வாங்கும் அவரது குழுவினரும் உடைத்துக் காட்டிய முறை அது. உடைபடாவிட்டாலும், மிக வேகமாக இயங்குவதனாலேயே கடவுச்சொல்லுக்குப் பொருந்தாத முறை. திருடன் செக்கனுக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். எனக்கு ஆத்திரமூட்டியது வேறொன்று. அந்த மென்பொருள் 2014 இன் தொடக்கத்தில், இணையத்தளங்களுக்குப் பயன்படும் பி.எச்.பி. என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. கடவுச்சொல்லைச் சரியான முறையில் சேமித்துத் தரும் கட்டளை அந்த மொழிக்குள்ளேயே 2013 முதல் இருக்கிறது. ஒரேயொரு வரி, பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த இளைஞர் கஷ்டப்பட்டு நாற்பது வரிகளில் கெட்ட பூட்டு ஒன்றைச் செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் செய்நிரல் நூலகம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வேறொருவர் எழுதி, பலர் பரிசோதித்து, எவரும் எடுத்துத் தம் மென்பொருளில் பொருத்திக்கொள்ளக்கூடியவாறு வைத்திருக்கும் நிரல் தொகுதிக்கே அந்தப் பெயர். வலையமைப்புப் பாதுகாப்பில் இவற்றுள் மிகவும் பரவலானது ஓப்பன்எஸ்எஸ்எல். எரிக் யங், டிம் ஹட்சன் ஆகிய இருவர் எழுதிய ஒரு தொகுதியிலிருந்து 1998 இல் பிறந்த இது, இணையத்தள முகவரியின் அருகே தெரியும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் உலகெங்கும் இலட்சக்கணக்கான சேவையகங்களில் (இணையத்தளங்களை வழங்கும் கணினிகளில்) இயங்குகிறது. லிப்சோடியம் என்று இன்னொன்று உண்டு. டானியல் பேர்ன்ஸ்டைன், டான்யா லாங்கே, பீட்டர் ஷ்வாபே ஆகியோரின் ஆக்கத்தை அடியொற்றிய அது, பயன்படுத்துபவருக்குத் தவறு செய்யும் சந்தர்ப்பத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது: எந்த முறை, எத்தனை பிட் திறவுகோல் என்ற தெரிவுகளை அது நம்மிடம் கேட்பதில்லை, நல்லதைத் தானே எடுத்துக்கொள்கிறது. பி.எச்.பி. 7.2 வெளிவந்த 2017 முதல் இதுவும் அந்த மொழியுடன் சேர்ந்தே வருகிறது. சிறு நிறுவனங்களுக்கு எழுதும் எம்மைப் போன்றவர்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ஓப்பன்எஸ்எஸ்எல்லை நேரடியாக அழைத்து எழுதப் புகுந்து நான் செய்த தவறுகள் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த நூலகங்களின் மூலநிரலை, அதாவது அவை எழுதப்பட்ட வரிகளை, எவரும் பார்க்கலாம். அப்படி ஊரறிய வைத்திருந்தால் திருடனும் அதைப் பார்ப்பானே என்று அந்தச் சங்கத்தின் பொருளாளர் ஐயா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒஃகஸ்ட் கேர்க்ஹொஃப்ஸ் என்ற மொழியியலாளர் 1883 இலேயே இதற்குப் பதில் எழுதினார்: பொறிமுறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் திறவுகோல் மட்டும் இரகசியமாக இருக்கும் வரை பாதுகாப்புக் குலையாத ஏற்பாடே நல்ல ஏற்பாடு. இன்று வங்கிகள் வரை பயன்படுத்தும் ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறை அப்படித்தான் தெரிவுசெய்யப்பட்டது. அமெரிக்கத் தர நிறுவனம் 1997 இல் பகிரங்கப் போட்டி அறிவித்தது, போட்டிக்கு ஏற்கப்பட்ட 15 முறைகளையும் உடைத்துப் பார்க்குமாறு உலகிலுள்ள எல்லோரிடமும் கேட்டது, ஐந்து எஞ்சின, பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரின் முறை 2001 இல் தரமாக்கப்பட்டது. மூடி வைத்திருந்தால் நல்லது என்று எண்ணிய எங்கள் இளைஞரின் மூன்று இடம் தள்ளும் முறையோ ஒரு தேநீர் நேரம்கூடத் தாங்கவில்லை.

ஆனால் திறந்திருப்பதால் மட்டும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கும் அதே கணினியில் சாட்சி இருந்தது. உறுப்பினர்கள் தம் மீதியைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதற்காக அது இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 எஃப் என்ற பதிப்பு, 2014 ஜனவரியில் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 7 ஆம் திகதி, ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற பிழை பகிரங்கமாகி, அதைத் திருத்திய 1.0.1 ஜி வெளியானது. அந்த ஓர் எழுத்து மாற்றம் பத்து வருடங்களாக இந்தக் கணினிக்கு வந்து சேரவில்லை.

அந்தப் பிழையை எங்கள் அலுவலக மொழியில் சொல்வதானால் இப்படி: ஒருவர் ஒரு பக்கக் கடிதத்தை எழுதுவினைஞரிடம் கொடுத்து, இதில் அறுபத்து நான்காயிரம் பக்கம் இருக்கிறது, எல்லாவற்றையும் பிரதி எடுத்துத் தாருங்கள் என்கிறார். எழுதுவினைஞர் எண்ணிப் பார்க்காமல், அந்த ஒரு பக்கத்தையும், மேசையில் அதற்கடுத்துக் கிடந்த மற்றவர்களின் கோப்புகளையும் சேர்த்துப் பிரதியெடுத்துக் கொடுத்துவிடுகிறார். சேவையகம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதற்காக வைத்த ஒரு சிறு வசதியில், கேட்பவர் சொல்லும் நீளம் உண்மைதானா என்று பார்க்கும் சோதனை விடுபட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் வரை நினைவகம் கசியும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், இரகசியத் திறவுகோலே இருக்கலாம். வழமையான பதிவேடுகளில் இதற்குத் தடயமும் இராது. ஆகவே அந்தச் சங்கத்தின் விபரங்களை யாராவது எடுத்தார்களா என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை, எவரிடமும் இராது.

அந்தப் பிழை 2012 மார்ச் முதல் இரண்டு வருடங்கள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. பிறகு விசாரித்தபோது தெரிந்தது என்னவென்றால், உலக வர்த்தகத்தின் பெரும்பகுதி தங்கியிருந்த அந்த நூலகத்துக்கு முழு நேரமாக வேலை செய்தவர் ஒருவரே. வருடமொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர். அதை வைத்துக் கோடி கோடியாக உழைத்த கம்பனிகள் அதுவரை திரும்பியும் பார்க்கவில்லை. அதன் பிறகே, திறந்த மூல மென்பொருள்களுக்கு ஆதரவளிக்கும் லினக்ஸ் பவுண்டேசன் நிதி திரட்டியது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் லிப்ரெஎஸ்எஸ்எல் என்றும், கூகுள் போரிங்எஸ்எஸ்எல் என்றும் தனித்தனிக் கிளைகளைத் தொடங்கினார்கள். திருக்கடலூர்க் கரையில் வலையை விரித்து வைத்தால் போகிற வருகிறவர் எல்லோருக்கும் கிழிசல் தெரியும். ஆனால் ஊசியும் நூலுமாக யாராவது குந்தினால்தான் அது தைபடும்.

2024 மார்ச் 29 இல் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் இதைவிடப் பயங்கரமானது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சாதாரண நூலகம் அது. நீண்ட காலமாக ஒருவர் தனித்துப் பராமரித்து வந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், உதவி செய்வதாகக் கூறி இரண்டு வருடங்களுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பையும் பெற்றுக்கொண்டு, சேவையகங்களுக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வாசலுக்குக் கள்ளச் சாவி ஒன்றை அதற்குள் ஒளித்து வைத்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர். நுழைவு வழமையைவிட அரைச் செக்கன் பிந்துகிறதே என்று அவருக்கு ஐயம் எழுந்தது. அரைச் செக்கனைப் பொருட்படுத்தும் ஒருவர் இருந்ததாலும், மூலநிரலைத் தோண்டிப் பார்க்க அவருக்கு வழி இருந்ததாலும், பெரும்பாலான சேவையகங்களுக்கு அது போய்ச் சேருமுன் பிடிபட்டது.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளே மேல் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். 2023 ஆகஸ்டில் எங்கள் நாட்டு அரசாங்க மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே இருந்தது விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். காலங்கடந்த பதிப்பு என்று அப்போதே செய்திகள் வந்தன. இற்றைப்படுத்தப்படாத பூட்டு, இலவசமானாலும் விலைக்கு வாங்கியதானாலும், ஒன்றுதான்.

எனவே எங்கள் மாவட்டத்தில் மென்பொருள் எழுதுவிக்கும் சங்கங்களிடமும் கல்வி நிலையங்களிடமும், வெளிநாட்டவரின் கடவுச்சீட்டுப் பிரதிகளைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. விலைமனு கோரும்போது, இந்த மென்பொருளில் என்னென்ன நூலகங்கள், எந்தெந்தப் பதிப்புகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதித் தர முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பணம் முழுவதையும் ஒப்படைக்கும் அன்றே கொடுத்துவிடாமல், ஒரு சிறு பகுதியை வருடாந்த இற்றைப்படுத்தலுக்கென்று ஒதுக்குங்கள். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கவும் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றவும் பணம் ஒதுக்குபவர்கள் மென்பொருளை மட்டும் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும், மறைகுறியாக்கம் உள்ளிட்ட பொருத்தமான ஏற்பாடுகளைச் செய்யும் கடமையைத் தரவுகளை வைத்திருப்பவர் மீதே சுமத்துமாறு எழுதப்பட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார் என்பது சட்டத்தின் முன் காரணமாகுமென்று நான் நினைக்கவில்லை.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உயர்தர மாணவர் பைதன் படிக்கிறார்கள், பி.எச்.பி. படிக்கிறார்கள். சீசர் முறையைப் பயிற்சியாக எழுதுவிப்பது நல்லதுதான். என் மருமகனுக்கு அது உதவியது. ஆனால் இது விளையாட்டு, வேலைக்குப் போனால் இதைச் செய்யாதே என்ற ஒரு வசனத்தையும் கூடவே சொல்ல வேண்டும். ஓடிபி இலக்கம் உருவாக்கும் செயற்றிட்டம் ஒன்றை அண்மையில் ஒரு மாணவர் என்னிடம் காட்டினார். எதேச்சை எண்களைத் தரும் பைதனின் சாதாரண ரேண்டம் தொகுதியை அதில் பயன்படுத்தியிருந்தார். அது தரும் எண்களை ஊகிக்க முடியும். பாதுகாப்பு வேலைகளுக்கென்றே சீக்ரெட்ஸ் என்ற தொகுதி அந்த மொழியில் 2016 முதல் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்த நூலகங்களின் விளக்கக் குறிப்புகளைத் தமிழாக்கினால் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பயன்படும். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் நினைத்தால் ஒரு விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம். 2004 டிசம்பரில் கடல் எங்கள் கரைகளை அழித்துவிட்டுப் போன சில வாரங்களுக்குள், இந்த நாட்டு இளைஞர்கள் சகானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். மறு வருடம் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கேயும் அது பயன்பட்டது. மற்றவர்கள் எழுதியதை எடுத்துப் பயன்படுத்துவதற்கு மட்டும் பிறந்தவர்கள் அல்லர் நாங்கள்.

அந்தச் சங்கத்துக்குத் திரும்புகிறேன். "தம்பி, பத்து வருசமா ஒரு சத்தமுமில்லாம ஓடினது, ஏன் இப்ப கை வைக்கப் போறீர்?" என்று பொருளாளர் ஐயா முதலில் மறுத்தார். மருமகன் எழுதிக் காட்டிய பற்றுச்சீட்டில் அவருடைய அடையாள அட்டை இலக்கமும் இருந்தபடியால், அதற்குமேல் நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. பழைய விண்டோஸை அகற்றி, டெபியன் என்ற இலவச இயங்குதளத்தின் 12 ஆம் பதிப்பை நிறுவினேன். கடவுச்சொற்கள் யாவும் புதிதாக வைக்கப்பட்டன. அடையாள அட்டை இலக்கங்கள் லிப்சோடியத்துக்கு மாற்றப்பட்டன. 'சிவப்பு எச்சரிக்கை வந்தால் தொடரவும் என்பதை அழுத்துக' என்று உறுப்பினர்களுக்காகக் கருமபீடத்தில் பல வருடங்களாக ஒட்டியிருந்த அறிவித்தலையும் கிழித்துப் போட்டோம். அந்த எச்சரிக்கை வராமல், தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்ட, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழ் இப்போது தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. எல்லாமாக நான்கு பின்னேரங்கள்.

டெபியனை நம்பலாமா என்று கேட்டபோது பொருளாளர் ஐயாவிடம் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. 2006 இல் அதன் பராமரிப்பாளர் ஒருவர், ஒரு பரிசோதனைக் கருவி எச்சரித்ததென்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் வரிகளை நீக்கியதனால், எதேச்சையாக அமைய வேண்டிய திறவுகோல்கள் ஒவ்வொரு வகையிலும் வெறும் 32,768 சாத்தியங்களுக்குள் சுருங்கிவிட்டன. ஏறக்குறைய இரண்டு வருடங்கள் எவருக்கும் அது தெரியவில்லை. ஆனால் தெரியவந்ததும், 2008 மே 13 ஆம் திகதி, தவறு தம்முடையதுதான் என்று அவர்கள் உலகுக்கு அறிவித்து, யார் யார் எந்தத் திறவுகோலை மாற்ற வேண்டும் என்ற விபரத்தையும் வெளியிட்டார்கள். ஐயா சற்று யோசித்தார். பிறகு, இந்தப் பதிப்புக்கு எது வரைக்கும் திருத்தங்கள் வரும் என்று கேட்டார். 2028 யூன் வரை என்றேன். அவர் சுவர்க் கலண்டரை எடுத்து, அந்த வருடத்துத் தாள் அதில் இல்லாதபடியால், டிசம்பர் தாளின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனையால் அந்தத் திகதியை எழுதி, கீழே தம் கையொப்பத்தையும் இட்டு, பணப் பெட்டகத்தின் கதவில் ஒட்டினார்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.